கடற்கட்டியும் கலைஞனும்

முத்துக் குளிக்கும் தோணி கரையை விட்டு நீங்குமுன், அந்நாளில் ஒருவரைத் தேடுவார்கள். அவர் தோணி செலுத்துபவரல்லர், கயிறு பிடிப்பவரல்லர், கடலில் குதிப்பவருமல்லர். மந்திரம் சொல்பவர். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டிவிடும் ஆற்றல் அவர் குடும்பத்துக்கு வழிவழி உண்டு என்று நம்பினர். கடற்கட்டி என்பது அவருக்குப் பெயர். அவர் கட்டாமல் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். ஆகவே 19-ஆம் நூற்றாண்டில் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பை நடத்திய ஆங்கில ஆட்சியே அவரைக் கூலி கொடுத்து அமர்த்திக்கொண்டது. அறிவியல் படித்த துரைமாரின் கணக்கேட்டில் மந்திரத்துக்கும் ஒரு பற்று!

மந்திரம் சொன்னவர் மேலே இருந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு கீழே போனவன் வேறொருவன். சிப்பியை எடுத்தது அவன் கை. சுறாவின் பல்லுக்கு எதிரே நின்றதும் அவன் உடல். முத்துக் கிடைத்தால் மந்திரம் பலித்தது என்றனர். ஆள் திரும்பாவிட்டால் விதி என்றனர்.

இன்று இது நம் நினைவுக்கு வரக் காரணம் உண்டு. எழுத்தாளரும் ஓவியரும் நாடகக் கலைஞரும் கூடுகிற அரங்குகளில் எல்லாம் இப்போது இரண்டு சொற்கள் முழங்குகின்றன: அடையாளம், பண்பாடு. "நான் இன்ன மண்ணின் மகன்; இன்ன மக்களின் குரல்; எங்கள் வாழ்வை எழுத எங்களுக்கே உரிமை" என்று ஒருவர் கூறக் கைதட்டல் எழுகிறது. "கலைஞனுக்கு ஊரேது, குலமேது?" என்று மற்றொருவர் கூற அதற்கும் கைதட்டல் எழுகிறது. கைதட்டல் ஓய்ந்த பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்தப் பேச்சு மூழ்கி எழுந்தவனின் பேச்சா, மேலே நின்று ஓதுகிற மந்திரமா? இதற்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. தூத்துக்குடிக் கரையைப் பற்றி எழுந்த நாவல்களே போதும்.

விடைக்கு முன்னர், நம் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். கடற்கரையை ஒட்டிய பள்ளி ஒன்றில் தமிழ் கற்பிப்பவர் நாம். எட்டாம் வகுப்புக்குக் "கடல்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தோம். பெரும்பாலோர் துணைநூலில் கண்டபடியே, கடல் நீலநிறமுடையது, முத்தும் பவளமும் தருவது என்று எழுதி வந்தனர். ஒரு மாணவன் மட்டும், "நீவாடு மாறினால் அப்பா வலையை இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையை எடுத்தோம். 'நீவாடு' என்பதை அடித்தோம். மேலே 'நீரோட்டம்' என்று எழுதினோம். திருத்தம் செய்துவிட்டோம் என்ற பெருமிதம் வேறு!

சில திங்கள் கழித்து, ஜோ டி குரூசின் 'ஆழி சூழ் உலகு' நாவலைப் படித்தபோது, நாம் அடித்த சொல் அச்சில் நிமிர்ந்து நின்றது. முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஆற்றிலும் நீரோட்டம் உண்டு, வாய்க்காலிலும் உண்டு. நீவாடு என்பதோ கடலோடியின் அறிவு. விரித்த வலை எத்திசையில் இழுபடும், மரம் எங்கே ஒதுங்கும், மீன் எப்பக்கம் போகும் என்பதையெல்லாம் அந்த ஒரு சொல்லில் அவன் அடக்கி வைத்திருக்கிறான். நாம் அடித்தது பிழையை அன்று. பல தலைமுறை கண்டறிந்த ஓர் அறிவை. அதை அடித்த கை, தமிழ் வாழ்க என்று மேடையில் உயர்த்திய அதே கை!

ஆகவே, அடையாளம் பேசுவோரை எடுத்த எடுப்பில் எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. அவர்களைப் பேச வைத்தது நம் சிவப்பு மை.

வரலாற்றைச் சற்றே புரட்டுங்கள். கொற்கை முத்தைச் சங்கப் புலவர் பாடினர். யவனர் ஏட்டில் குறித்தனர். பாண்டியனுக்கு அது புகழ். போர்த்துக்கீசியருக்கும், 1658-இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தருக்கும், பின்னர் வந்த ஆங்கிலேயருக்கும் அது வருவாய். எத்தனை தோணி, எத்தனை சிப்பி, யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் கணக்கில் உண்டு. மூழ்கியவன் மார்பு எப்படி வலித்தது என்பதற்குக் கணக்கில்லை. 1530-களில் பரதவர் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். அம்மக்களுக்காக அண்டிரிக் அடிகளார் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்தியாவில் தமிழெழுத்துக் கொண்டு அச்சான முதல் நூல் என்று அதைப் போற்றுகிறோம். அந்த அச்சு வேலைக்குக் கரையோரத்து மக்களும் பொருள் கொடுத்தனர். அச்சில் வந்ததோ வணக்கம், வாழ்க்கை அன்று. 'ஆழி சூழ் உலகு' வெளிவந்தது 2004-இல். மன்றாட்டு அச்சேறியதற்கும், கடலோடி மகன் ஒருவன் தன் மக்களின் மூச்சையும் வியர்வையையும் இத்தனை விரிவாக அச்சேற்றியதற்கும் இடையே 426 ஆண்டுகள்! இத்தனை காலம் அடைத்திருந்த வாய் திறக்கும்போது குரல் சற்று உரக்கத்தான் ஒலிக்கும். அதைச் செருக்கென்று கூறுவோர், அடைத்து வைத்த கை எது என்பதையும் கூறட்டும்.

உவரியில் பிறந்தவர் குரூஸ். கப்பல் தொழிலில் இருப்பவர். நாவலின் பெயரைக் கம்பனிடமிருந்து எடுத்திருக்கிறார். 1943-இல் சேதுப்பிள்ளையோடும் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா நடத்திய சொற்போரை அறிந்த நாம், அதற்காக இவரிடம் போருக்குப் போகப் போவதில்லை. அரண்மனைக் கதையில் வந்த ஒரு தொடரை, கட்டுமரக்காரன் கதைக்குத் தலையில் சூட்டினால் தொடருக்குத்தான் பெருமை. 1933 முதல் 1985 வரை ஆமந்துறை என்னும் ஊரில் கதை நடக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குக் காற்று பெயர் சொல்லி, வலைக்கு வலை வகை சொல்லி, கடலை அழகுக் காட்சியாக்காமல் தொழிற்களமாகக் காட்டுகிறார். கரையில் நின்று கடலைப் பார்த்துப் பாடினோர் பலர். இவர் கடலில் நின்று கரையைப் பார்க்கிறார். புயலில் சிக்கி மரத்துண்டைப் பற்றிக்கொண்டு மிதக்கும் மனிதர்கள், தாகத்தோடும் சாவோடும் நடத்தும் போராட்டம், நாவலை மூடிய பின்னும் நம்மை விடுவதில்லை.

இதைவிடப் பெரிய சிறப்பு ஒன்றுண்டு. தம் மக்களை அவர் தேவராக்கவில்லை. ஊர்ப் பூசலும் வெட்டுக் குத்தும் காமமும் கள்ளக் கடத்தலும் அங்கே உண்டு. காகு சாமியார் போன்ற நல்லவரை வணங்கத்தக்கவராகக் காட்டும் பேனா, நிறுவனமாகிவிட்ட திருச்சபையின் பிடியைக் காட்டவும் தயங்கவில்லை. குரூஸ் கலைஞராவது இந்த இடத்தில்தான். உவரியில் பிறந்ததால் மட்டும் அன்று.

அப்படியாயின், பிறக்காதவர் எழுதக் கூடாதா? வண்ணநிலவன் மணப்பாட்டுக் கரையைக் களமாக்கி 'கடல்புரத்தில்' எழுதினார், 1977-இல் நூலாயிற்று. அவர் கடலோடி குடும்பத்தவர் அல்லர். வல்லத்துக்கும் விசைப்படகுக்கும் மூண்ட பகையை, அப்பகைக்கு இடையே அன்பு செலுத்தித் துன்புற்ற உள்ளங்களை அவர் கண்டார். காற்றின் பெயர்கள் அங்கே குறைவு. கண்ணீரின் உப்பு குறைவில்லை. ராஜம் கிருஷ்ணன் முசிறியில் பிறந்தவர். இக்கரைக்கு வந்தார், மக்களிடையே இருந்து கேட்டறிந்தார், மீனவரைப் பற்றி 'அலைவாய்க் கரையில்' எழுதினார், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றிக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். வெயிலில் வெந்து, உப்பில் ஊறிப் புண்ணான கால்களை நாடறியச் செய்தார். பின்னர் இவ்வூர்க்காரராகிய ஸ்ரீதர கணேசன், அதே உப்பள வாழ்வை உள்ளிருந்து 'உப்பு வயல்' என்று எழுதினார். ஒன்றால் மற்றொன்று பொய்யாகிவிடவில்லை. வெளியிலிருந்து வந்தவர் கொடுமையைக் கண்டு திடுக்கிட்டார். உள்ளிருந்தவர் அக்கொடுமைக்குள்ளும் சிரிப்பும் சினமும் காதலும் இருப்பதைக் காட்டினார். இலக்கியத்துக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.

தோழர்களே, இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். நால்வருணத்தை ஏன் எதிர்த்தோம்? பிறப்பே தகுதி என்று அது சொன்னதால். அதே சொல்லை எழுத்துக்கு மட்டும் சட்டமாக்கலாமா? கதவை அடைத்தவன் "பிறப்பே தகுதி" என்பதும், வெளியே நிறுத்தப்பட்டவன் "இது என் வீடு" என்று கதவைத் தட்டுவதும் ஒன்றல்ல. இதை நாம் மறக்கவில்லை. முன்னது ஆணவம், பின்னது உரிமைக் குரல். ஆனால் உள்ளே புகுந்தவன் மறுபடி கதவைத் தாழிட்டால், தட்டிய கைக்கும் தாழிட்ட கைக்கும் வேறுபாடு என்ன?

குரூசின் அடுத்த நாவல் இக்கேள்வியை நம் முன் வைக்கிறது. 2009-இல் வெளிவந்து, 2013-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற 'கொற்கை', 1914 முதல் 2000 வரையிலான தூத்துக்குடியின் கதை. பாய்மரத் தோணி, கப்பல், வாணிகம், அரசியல், திருச்சபை என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் விரிகிறது. மாந்தர் கூட்டமோ திருவிழாக் கூட்டம். யார் மகன் யார், யார் மருமகன் யார் என்று படிப்பவர் தாமே வம்சாவளி எழுதிவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது பொறுக்கத்தக்க குறை. நமக்கு உறுத்துவது வேறொன்று. உழைத்தவன் எவ்வாறு உரிமை இழந்தான் என்று கேட்கும் நாவல், சில இடங்களில் ஆண்ட குலம் எவ்வாறு தாழ்ந்தது என்று ஏங்கத் தொடங்குகிறது. முதற் கேள்வி எல்லோரையும் சேர்க்கும்; துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனும் உப்பு வாரும் பெண்ணும் அதில் இடம் பெறுவர். இரண்டாவது, ஒரு குலத்தின் கதவைத்தான் திறக்கும். பழைய கொற்கையைக் கடல் விட்டு விலகிப் பல நூற்றாண்டு ஆயிற்று. இன்று அது உள்நாட்டுச் சிற்றூர். தாமிரபரணி வண்டல் கொண்டுவந்து கொட்டியது, கடல் நகர்ந்தது. குலப் பெருமையும் அத்தகைய வண்டலே. படியப் படியக் கடல் எட்டிப் போகும்.

ஆயினும், தம் மக்களின் குறையை எழுதியதற்காக அம்மக்களுள் ஒரு சாராரே அவர்மீது சினம் கொண்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். "எங்கள் குரல்" என்று கொண்டாடியவர்கள், அக்குரல் கண்டிக்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொண்டனர். அடையாளம் என்பது கண்ணாடி என்றால், முகத்திலுள்ள கரியையும் அது காட்டத்தானே செய்யும்!

2014-இல் மற்றொரு சோதனை வந்தது. நாடாளுமன்றத் தேர்தல் வேளையில், ஏப்ரல் திங்களில், நரேந்திர மோடியை ஆதரித்து குரூஸ் வெளிப்படையாகக் கருத்துரைத்தார். 'ஆழி சூழ் உலகை' ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தவர் வ. கீதா, பெரியாரையும் பார்ப்பனரல்லாதார் இயக்கத்தையும் ஆழ்ந்து ஆய்ந்தவர். தம் மொழிபெயர்ப்பு வெளிவருவதற்கு அவர் இசையவில்லை. நவயானா பதிப்பகமும் வெளியீட்டைக் கைவிட்டது. நூல் பின்னர் வேறொருவர் மொழிபெயர்ப்பில் ஆங்கிலம் கண்டது.

இதில் நம் தீர்ப்பு என்ன? தம் உழைப்பைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை மொழிபெயர்ப்பாளருக்கு உண்டு. அதை மறுப்பவர் உழைப்பின் மதிப்பை அறியாதவர். ஆசிரியரின் அரசியலை நாம் ஏற்கவில்லை. அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் ஆமந்துறை மக்கள் யாருக்கும் வாக்குக் கேட்கவில்லையே! புயலில் மிதந்தவர்கள் எந்தக் கட்சியையும் ஆதரிக்கவில்லையே! ஆசிரியரைத் தண்டிக்கப் போய், அவருடைய மாந்தரைக் கரையேறவிடாமல் தடுப்பது நமக்கு உவப்பாக இல்லை. ஆளைப் பார்த்து நூலை ஒதுக்குவதும், ஆளைப் பார்த்து நூலைக் கும்பிடுவதும் ஒரே பழக்கத்தின் இரு பக்கங்கள்.

நம்மில் பலர் அன்று அதிர்ந்தனர். "கடலோடியின் மகன், ஒடுக்கப்பட்டோரின் குரல், இப்படிப் பேசலாமா?" என்றனர். ஏன் அதிர்ந்தோம்? பிறப்பு ஒருவருக்கு நேர்மையான சொல்லைத் தருவது போலவே சரியான கொள்கையையும் தந்துவிடும் என்று நாமும் நம்பியிருந்தோம். அதுவும் ஒரு கடற்கட்டி மந்திரமே! பிறப்பு நீவாடு என்ற சொல்லைத் தரும். எத்திசையில் மரத்தைச் செலுத்துவது என்பதை அறிவுதான் தரவேண்டும்.

ஆகவே, அடையாளம் பேசும் கலைஞரிடம் நாம் வேண்டுவது இதுதான். உங்கள் மண்ணைச் சொல்லுங்கள், கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் மண்ணின் பெயரை மந்திரமாக்கி மேலே நின்றுவிடாதீர்கள், மூழ்குங்கள். உங்கள் மக்களின் வலிமையோடு அவர்களின் மூடத்தனத்தையும் எடுத்து வாருங்கள். அதைக் கண்டு அவர்கள் சினந்தால், உங்கள் கையில் இருப்பது வெறும் சிப்பி அன்று என்று கொள்ளலாம்.

தூத்துக்குடியில் முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றது. கடற்கட்டியும் போனார்; கணக்கெழுதிய துரைமாரும் போயினர். நீவாடு மட்டும் இன்றும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த மாணவனின் ஏட்டை மறுபடி வாங்கி, அடித்ததை நீக்கி, 'நீவாடு' என்று நம் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். கரும்பலகையில் கோடு கிழித்து அவனே வகுப்புக்கு விளக்கினான். அடுத்த வாரம் ஒரு பயிற்சி வைத்தோம்: ஒவ்வொருவரும் வேறொரு மாணவரின் வீட்டுக்குப் போய்க் கேட்டு, அவ்வீட்டாரின் தொழிலை எழுத வேண்டும். உப்பளத் தொழிலாளியின் மகள் கட்டுமரத்தைப் பற்றி எழுதினாள். நம் கடலோடி மகன் உப்புப் பாத்தியைப் பற்றி எழுதினான். இருவர் ஏட்டிலும் பிழைகள் இருந்தன. அவன் ஏட்டை அவளும், அவள் ஏட்டை அவனும் திருத்தினார்கள். நம் சிவப்பு மைக்கு அன்று வேலை இருக்கவில்லை.