டோர்பெர்னைட்டின் பச்சை
செம்பு, யுரேனியம், பாஸ்பேட், நீர் ஆகியவை கூடி உருவாகும் டோர்பெர்னைட் என்னும் கனிமம், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிப் பாறைவெடிப்புகளில் சிறுசிறு சதுரத் தகடுகளாக அடுக்கடுக்காய் வளர்ந்து, செம்பு ஊட்டிய மரகதப் பச்சையில் மின்னுகிறது. அபிரகம்போல் மெல்லிய ஏடுகளாகப் பிரியும் இப்படிகம் நகக்கீறலையும் தாங்காத அளவுக்கு மென்மையானது. ஏடு பிரிந்த தளத்தில் முத்தின் தண்மையான மினுக்கம் தெரிகிறது.

ஏடுகளுக்கிடையே தங்கிய நீர் வறண்ட காற்றில் மெல்ல வெளியேறும்போது, புறவடிவம் குலையாமலே டோர்பெர்னைட் மெட்டாடோர்பெர்னைட் என்னும் கனிமமாக மாறுகிறது. டோர்பெர்னைட்டின் நெருங்கிய இனமான ஆட்டுனைட் புறஊதாக் கதிர் பட்டதும் மஞ்சள் கலந்த பச்சையாய் ஒளிவிட, டோர்பெர்னைட்டில் உள்ள செம்போ அவ்வொளியை அடக்கிவிடுகிறது. இக்கனிமத்தின் கதிரியக்கமும் அதிலிருந்து கசியும் ரேடான் வாயுவும் எச்சரிக்கையைக் கோருவதால், கையால் தொடாமல் நுண்ணோக்கி வழியே பொறுமையாகப் பார்ப்பவருக்கே இதன் அழகு முழுமையாகக் கிட்டுகிறது.