காந்தியின் முதல் குழந்தை

'சத்திய சோதனை'யை நாம் அரசியல் ஆவணமாகவோ பாராயணப் புத்தகமாகவோ ஒதுக்கி வைத்துவிட்டோம். சுயசரிதை என்ற இலக்கிய வகையில் வைத்து அதைப் படித்தவர்கள் நம்மிடையே குறைவு. அப்படிப் படித்தால், தந்தையின் மரணத்தைச் சொல்லும் அத்தியாயத்தைத் தாண்டுவது சுலபமில்லை.

வருஷம் 1885. காந்திக்குப் பதினாறு வயது, கஸ்தூர்பா கர்ப்பிணி. நோயில் கிடக்கும் அப்பாவுக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தவரைச் சித்தப்பா போகச் சொல்கிறார். அவர் நேரே மனைவியின் அறைக்குப் போகிறார். ஐந்தாறு நிமிஷத்தில் வேலைக்காரன் கதவைத் தட்டுகிறான். அப்பா போய்விட்டார். பிறகு பிறந்த குழந்தையும் மூன்று நான்கு நாளுக்கு மேல் தங்கவில்லை.

கவனிக்க வேண்டியது குற்ற உணர்வின் திசை. அத்தியாயம் முழுவதும் அப்பாவை நோக்கியே மன்றாடுகிறது. குழந்தைக்குக் கடைசியில் ஓரிரு வாக்கியம். அதுவும் கல்யாணமானவர்களுக்கு எச்சரிக்கையாக. ஆணா பெண்ணா என்றுகூட அங்கே சொல்லவில்லை. இது கல்நெஞ்சம் இல்லை. பதினாறு வயதுக்காரனுக்குள் அப்பா என்ற இடமே உண்டாகியிருக்கவில்லை. அவன் இன்னும் மகன். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் எழுதிய கையும் அந்த மகனுடைய கையாகவே இருக்கிறது என்பதுதான் வியப்பு.

1888இல் ஹரிலால் பிறக்கிறான். அதே வருஷம் செப்டம்பரில் காந்தி லண்டனுக்குக் கப்பல் ஏறுகிறார். கைக்குழந்தையை விட்டுப் புறப்பட்டதைச் சொல்லும் இடத்தில் தொனிப்பது குதூகலம். திரும்பி வந்தபோது பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்று வயது. அண்ணன் பிள்ளைகளோடு அவனையும் சேர்த்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறார், விளையாடுகிறார். புத்தகத்தில் அவர் இளம் அப்பாவாகச் சந்தோஷமாகத் தெரிகிற இடம் இது. இங்கேயும் ஒரு மூத்த சகோதரன் மாதிரிதான்.

பின்னால் பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எழுதுகிறபோது, மூத்த மகனிடம் காணும் குறைகளுக்குத் தம்முடைய கட்டுப்பாடற்ற இளமையே காரணம் என்கிறார். அது அரைகுறை அறிவும் போகமுமான காலம் என்பது அவர் தீர்ப்பு. மகனின் கருத்து நேர் எதிர்: அப்பாவின் வாழ்வில் அதுதான் பிரகாசமான காலம், பிற்பாடு வந்த மாறுதல்களே மயக்கம். இந்த எதிர்க்கட்சி வாதத்தையும் காந்தியே பதிவு செய்கிறார். இந்த நேர்மைக்கு ஈடாக நம் சுயசரிதைகளில் எதைச் சொல்வது? ஆனால் அந்தத் தீர்ப்பு மகனின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அப்பா வெட்கப்படும் காலத்தின் ஸ்தூலமான மிச்சம் அவன்தான்.

காந்திக்கு ஒரு வசதி இருந்தது. படிப்புக்குப் பணம் புரட்ட அண்ணன் இருந்தார். முசரவாக்கத்திலோ காஞ்சிபுரத்துத் தெருக்களிலோ பத்தொன்பது வயதில் அப்பாவாகும் நெசவாளிக்குக் கப்பல் கிடையாது. கோர்வைச் சேலைக்குத் தறியின் மறு ஓரத்தில் ஒரு துணையாள் வேண்டும். சிறுவயதில் அங்கே உட்கார்ந்தவன், தன் பிள்ளை பிறந்ததும் அப்பாவின் ஓரத்துக்கு மாறுகிறான். வாங்கியிருக்கும் முன்பணக் கடனும் அவன் பேருக்கு மாறும். சுயவிசாரணைக்கெல்லாம் நேரம் ஏது? (2006 சட்டப்படி இருபத்தொன்று முடியாத ஆணும் 'குழந்தை'தான். வங்கி மனுவில் 'தந்தை பெயர்' கட்டத்தையும் 'சார்ந்திருப்போர்' கட்டத்தையும் ஒரே கூச்சத்தோடு நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.) நம் புதுக்கவிதையும் சிறுகதையும் இவனை அறியவில்லை. அங்கே இளைஞன் என்றால் அப்பாவோடு மல்லுக்கட்டுகிற மகன். மடியில் குழந்தையோடு அவனைக் கற்பனை செய்ய நமக்குத் தெம்பில்லை.

காஃப்கா தன் தந்தைக்கு அந்த நீண்ட கடிதத்தை எழுதியது 1919இல். அது போய்ச் சேரவேயில்லை. நாம் அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1915இல், ஹரிலால் தன் அப்பாவுக்கு ஒரு கடிதத்தை அச்சடித்தே சுற்றுக்கு விட்டார். தனக்குப் படிப்பு மறுக்கப்பட்டது அதில் முக்கியமான புகார். காஃப்காவின் எதிரே ஒரு பூதாகரமான தகப்பன். ஹரிலாலின் எதிரே தன்னைவிடப் பதினெட்டு வயதே மூத்த ஒருவர். 1906இல் அப்பாவின் விருப்பத்தை மீறிக் கல்யாணம் செய்துகொண்டபோது ஹரிலாலுக்கும் வயது பதினெட்டு.