ஆறு ரூபாயும் மன்னிப்பும்

திருவண்ணாமலை மலையடிவாரத்து இரமணாசிரமத்தில் 1924 ஜூன் 26ஆம் நாள் இரவு கள்வர் புகுந்த நிகழ்ச்சியை, இரமணரின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஆர்தர் ஆஸ்பர்ன் விரிவாகவே சொல்லுகிறார். ஆசிரமத்து நாய் அடிபடலாகாதென்று முதலில் அதை வெளியேற்றச் செய்த முனிவர், அடியார்களோடு தாமும் வெளியேறுகையில் வாயிலில் நின்ற கள்வரிடம் அடி வாங்குகிறார். தொடையில் அடி விழுந்ததும், போதாதென்றால் மறு காலிலும் அடிக்கலாம் என்கிறார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன நற்செய்தி நம் நினைவுக்கு வராமல் போகுமா? பதிலுக்கு அடிக்கப் பாய்ந்த அடியாரையும் சாதுக்களுக்குரிய அறத்தைச் சொல்லித் தடுத்துவிடுகிறார்.

இதுவரை உயிர்ப்போடு நடக்கும் எழுத்து, சில நாளில் கள்வர் பிடிபட்டுச் சிறை சென்றதை மட்டும் விரைந்து சொல்லிக் கடந்துவிடுகிறது. நமக்கோ வினா அங்கேதான் பிறக்கிறது. அடிபட்டவரே பொறுத்துக்கொண்ட பின் தண்டனை எதற்கு? அவர் வேண்டினால் அது குறைய வேண்டாமா?

அதே நூல் ஒரு சிறு கணக்கையும் தருகிறது. பறிபோனவை, திருவுருவங்களுக்குச் சாத்தும் சில வெள்ளித் தகடுகள், கொஞ்சம் அரிசி, சில மாம்பழங்கள். இவற்றோடு, வந்து தங்கியிருந்த ஒருவரின் ஆறு ரூபாய். தம் காலில் விழுந்த அடியை முனிவர் மன்னிக்கலாம். அந்த ஆறு ரூபாயை மன்னிக்க அவரால் ஆகுமா? மற்ற அடியார்மேல் விழுந்த அடிகளை? ஞானியின் பெருந்தன்மையில் மயங்கி இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம். வரலாற்றாசிரியரும் விட்டுவிட்டார், அவரது நோக்கம் வேறு என்பதால் பெருங்குறையாகச் சொல்வதற்கில்லை.

நம் மாநிலமே கண்ட வழக்கொன்றில் இதே வினா பேருருக் கொண்டது. 1991 மே 21இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட வழக்கில் நளினிக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை, 2000இல் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அதற்குத் துணை நின்றது சோனியா காந்தியின் வேண்டுகோள். கணவரை இழந்த ஒருவரின் அக்கருணையை நாம் மதிக்கிறோம். ஆனால் அதே வெடியில் காவலர் உட்பட வேறு பலரும் மாண்டனர். பின்னாளில் கைதிகளை விடுவிக்க மாநில அரசு முனைந்தபோது, அவர்களுடைய வீட்டார் சிலர் அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றனர். பெரிய வீட்டுக் கண்ணீருக்கு ஓர் எடை, சிறிய வீட்டுக் கண்ணீருக்கு வேறோர் எடையா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1995 பிப்ரவரி 25இல் மத்தியப் பிரதேசத்தில் பேருந்தில் குத்திக் கொல்லப்பட்ட அருட்சகோதரி ராணி மரியாவை நாம் அறிவோம். 2017இல் அருளாளராக உயர்த்தப்பட்டவர். அவருடைய தங்கை செல்மி பால், தாமும் துறவி, 2002இல் சிறைக்குச் சென்று கொலையாளியின் கையில் ராக்கி கட்டினார். குடும்பத்தாரும் திருச்சபையாரும் வேண்டிக்கொண்டதன் பயனாக அம்மனிதர் 2006இல் விடுதலையானார். இங்கே மன்னிப்பு தீர்ப்பை முந்திக்கொண்டு வரவில்லை. குற்றம் குற்றமென்று நிறுவப்பட்டு, ஆண்டுகள் பல சிறையில் கழிந்த பின்னரே அதற்குச் செவி கிடைத்தது. ஒப்புரவு அருட்சாதனத்திலும் பாவமன்னிப்போடு பரிகாரம் நீங்கிவிடுவதில்லையே!

சிறு காயம், திருட்டு போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சமாதானமாகிப்போக நம் சட்டம் முன்பே இடம் தந்துள்ளது. கொலைக்கும் கொள்ளைக்கும் அந்த வழி இல்லை. அதைத் திறந்துவிடச் சொல்வோர் நம் ஊர்ப் பஞ்சாயத்துகளை எண்ணிப்பார்க்க வேண்டும். நிலக்காரர் வீட்டுப் பிள்ளைமேல் புகார் கொடுத்த கூலிக்காரப் பெண்ணிடம், “போனது போகட்டும், மன்னித்துவிடு தாயீ” என்று நாலு பேர் போய் உட்கார்ந்தால், அவள் தலையசைப்பதை மன்னிப்பென்று எப்படிச் சொல்வது? அவள் கிறிஸ்தவளாகவும் இருந்துவிட்டால், வேதத்தைச் சொல்லியே அவள் வாயை அடைத்துவிடுவார்கள்.

ஆகவே, குறைக்கும் அதிகாரம் பாதிக்கப்பட்டவர் கையில் வேண்டாம். அது நீதிமன்றத்திடமும் அரசிடமும் இருக்கட்டும். வேண்டிக்கொள்ளும் உரிமை அவருக்கு நிச்சயம் வேண்டும். தீர்ப்புக்குப் பிறகு, யாரும் உடன் நில்லாத தனியறையில் நீதிபதி அதைக் கேட்க வேண்டும். ஒருவர் வேண்டினால், அதே குற்றத்தில் இழந்த மற்றவரையும், ஆறு ரூபாய் மட்டுமே இழந்தவராயினும், அழைத்துக் கேட்க வேண்டும்.