லாரியின் பின்னால் தொங்கும் உருண்டை

சிக்னலில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போது கொஞ்சம் குனிந்து பாருங்கள். பின் அச்சின் நடுவே கிரீஸ் அப்பிய ஓர் இரும்பு உருண்டை தெரியும். அதற்குள் இருப்பதுதான் டிஃபரன்ஷியல். வண்டியில் எனக்கு மிகப் பிடித்த பாகம் இது, எஞ்சின்கூட அப்புறம்தான்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் 1.4 மீட்டர் இடைவெளி என்றால், ஒரு முழு வட்டத்துக்கு வித்தியாசம் ஏறக்குறைய 8.8 மீட்டர். வட்டம் பெரிதோ சிறிதோ, கணக்கு மாறாது. இரண்டையும் ஒரே கம்பியில் பூட்டினால் டயர் தேயும், வண்டி முரண்டு பிடிக்கும்.

இதைத் தவிர்க்கத்தான் டிஃபரன்ஷியல். அதன் உள்ளே கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் சுற்ற, அதோடு சேர்ந்து குட்டிப் பல்சக்கரங்களும் சுற்றுகின்றன. நேர்பாதையில் அவை தம் அச்சில் உருளாமல் சும்மா இருக்கும். திருப்பத்தில் மட்டும் உருண்டு, ஒரு சக்கரத்தில் குறைத்த வேகத்தை மற்றதற்குக் கொடுத்துவிடும். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. பிரான்சின் பெக்கூர் நீராவி வண்டிக்காக இதற்கு 1820களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார்.

குறையும் உண்டு. ஒரு சக்கரம் சேற்றில் சிக்கினால் அது மட்டும் வெறுமனே சுழலும். தரையில் நிற்கும் மற்றது அசையாது. முன்சக்கரம் இழுக்கும் இன்றைய கார்களில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு ஒளிந்திருக்கிறது. பார்க்க லாரிதான் வசதி.