இசைக்கல்லூரிப் பாடமும் பண்ணின் உள்ளுறையும்

திருமுறையைப் பண்ணோடு ஓதுதலே முறையென்பது சைவர்க்கு உடன்பாடு. ஓதுவார் மரபிற் செவிவழி வந்த அவ்வோதுமுறை, இந்நாளிற் கல்விக்கூடங்களிலும் பாடமாக வைத்துக் கற்பிக்கப்படுகின்றது. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் 1917-இல் வெளிவந்ததும், அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் 1929-இல் இசைக்கல்லூரி நிறுவியதும், சென்னையில் 1943-இல் தமிழிசைச் சங்கம் தோன்றியதும், விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947-இல் அரங்கேறியதும் இதற்குத் துணையாயின. இக்கல்வியால் மாணாக்கர் பெறுவன யாவை, பெறாதொழிவன யாவை என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பெறுவது கூறுவாம். ஓசூரை நோக்குக. கன்னட நாட்டெல்லையை ஒட்டிய இவ்வூர் இன்று ஆலைகள் மிகுந்த தொழில்நகர். மலைமேற் சந்திரசூடேசுவரர் திருக்கோயில் கொண்டிருப்பினும், இது தேவாரப் பாடல் பெற்ற தலமன்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் விரவி வழங்கும் இவ்வெல்லைப் புறத்துச் சிறார்க்குக் காவிரிக்கரையோர் போலப் பண்ணிசை பிறந்தவூரிலேயே செவிப்படுதல் அரிது. ஆதலின், கிருட்டினகிரி மாவட்ட அரசு இசைப்பள்ளி போல்வனவும், அவற்றின்மேல் இசைக்கல்லூரிகளுமே அவர்க்குப் பண்ணிசை வாயில். ஆங்கு முதற்பாடமாகிய சரளி வரிசை, கன்னட நாட்டுப் புரந்தரதாசர் வகுத்ததென்ப. அது பயிலப்படுவது மாயாமாளவகௌளையில். அவ்விராகத்திலேயே ஓதுவார் இந்தளப் பண்ணைப் பாடுவர். ஆகவே, எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பாடமே எல்லைக்கு இப்பாலுள்ள பண்ணுக்குப் படியாகின்றது. இது பெரும்பேறேயாம்.

இனிப் பெறாதொழிவது. இன்ன பண் இன்ன இராகமென்னும் அட்டவணையை மனனஞ்செய்தளவிற் பண் கைவந்ததென மாணாக்கர் கருதிவிடுகின்றனர். செந்துருத்தியை எடுத்துக்கொள்வாம். தேவாரத்தில் இப்பண்ணில் அமைந்தது ஒரே பதிகம். சுந்தரமூர்த்தி நாயனார் திருவாரூரில் அருளியது. காஞ்சியில் ஒரு கண் பெற்றவர், மற்றைக்கண் பெறாத வருத்தத்தால், தோழமை பற்றித் தம்பெருமானைக் கடிந்து பாடியது. இதனை ஓதுவார் மத்தியமாவதியிற் பாடுப. கச்சேரி மரபிலோ மத்தியமாவதி நிறைவில் மங்கலமாகப் பாடப்படுவது. அப்பழக்கமே தலைப்பட, மாணாக்கன் ஆண்டவனொடு வழக்கிடும் அடியாரின் பதிகத்தை மங்கலம்போல் இனிது பாடி முடிக்கின்றான். சுரம் பிழைத்திலது, பொருள் பிழைத்தது. அட்டவணை ஒலியின் அளவைக் காட்டுமன்றி அடியாரின் நிலையைக் காட்டாது.

பிறிதொன்று. நாதமே பரம்பொருளென்பது இசைவல்லாரிடை வழங்குங் கொள்கை. சித்தாந்தம் இதனை உடன்படாது. செவிக்குப் புலனாகும் ஓசை பூதத்தின் குணம். அதற்கு மேற்பட்ட நாதமும் சுத்தமாயையில் தோன்றும் தத்துவமே. மாயையின் காரியம் சடமாகலின், அது தானே பதியாதல் யாங்ஙனம்? திருமுறைகள் இறைவனை இசையென்றும் கூறுமாலெனின், அவை கலப்புப் பற்றிக் கூறியனவேயன்றிப் பொருட்டன்மை பற்றிக் கூறியன அல்லவென்க.

இவ்வுண்மைக்குத் தருமபுரத்து நிகழ்ச்சியே சான்று. சம்பந்தப்பெருமான் பதிகங்கள் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழிலிட்டு வாசித்தலாற் சிறந்தனவென்று பாணரின் சுற்றத்தார் கருதினர். பெருமான் யாழிலடங்காத பதிகமொன்று பாடினர். பாணர் யாழை முறிக்கப் புக்கனர். பெருமான் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்கப் பணித்தனர். கருவி அருளை அளக்கமாட்டாது. ஆயினும், அதுபற்றி எறியத்தக்கதுமன்று. கல்லூரிக் கல்வியும் அவ்யாழே போல்வதொன்று.

ஆகலின், கல்லூரிப் பாடத்தை இகழ்தல் எமது கருத்தன்று. ஒவ்வொரு பதிகத்தையும் கற்பிக்குமுன் அது பிறந்த வரலாற்றைப் பெரியபுராணங் கொண்டு உணர்த்துக. பாட்டின் பொருளைச் சொல்லுக. அதன்பின்னரே சுரம் காட்டுக. இராகம் பயின்றபின் ஓதுவார் ஒருவர்பால் ஒரு பதிகமேனும் நேரிற் கேட்டுப் பாடம்பெறச் செய்க. அங்ஙனஞ் செய்யின், ஓசூர் மலைக்கோயிலில் நின்று ஓதும் சிறுவன் குரலிலும் பண் தன் உள்ளுறையோடு விளங்கும்.