ஒரு போர்வீரனின் கதைப்பாடல்: ஆறு நாள் விடுப்பும் சில நிமிட வீடும்

சோவியத் இயக்குநர் கிரிகோரி சுக்ராய் 1959ஆம் ஆண்டு மாஸ்ஃபிலிம் நிறுவனத்திற்காக எடுத்த கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ‘பேலட் ஆஃப் எ சோல்ஜர்’. தமிழில் ‘ஒரு போர்வீரனின் கதைப்பாடல்’ எனலாம். வாலன்டின் எழோவும் சுக்ராயும் சேர்ந்து திரைக்கதை எழுதினர். ஒன்றரை மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவான படம். 1960இல் கான் திரைப்பட விழாவில் பரிசு பெற்றது. பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதனைச் சிறந்த திரைப்படங்களில் ஒன்றாகத் தேர்ந்தது. பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் அமெரிக்காவின் ஆஸ்கர் விருதுக்கு இதன் திரைக்கதை பரிந்துரைக்கப்பட்டது. போர்க்காலக் காதலையும் வீடு திரும்பும் வீரனையும் பற்றிய படங்கள் ஏராளம். அவற்றுள் இது ஏன் தனித்து நிற்கிறது என்பதையும், எங்கே சறுக்குகிறது என்பதையும் பார்க்கலாம்.

கதை எளியது. அல்யோஷா பத்தொன்பது வயதுச் செய்தித்தொடர்பு வீரன். போர்முனையில் தனியாக மாட்டிக்கொண்டு, கைக்குக் கிடைத்த துப்பாக்கியால் இரண்டு ஜெர்மானிய டாங்கிகளை அழித்துவிடுகிறான். பயந்துபோய்த்தான் சுட்டேன் என்று தளபதியிடம் ஒப்புக்கொள்கிறான். பதக்கம் தர வந்த தளபதியிடம், பதக்கத்திற்குப் பதிலாக ஊருக்குப் போய்வர விடுப்புக் கேட்கிறான். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அம்மா தனியாக இருக்கிறாள், கூரையைச் சரிசெய்ய வேண்டும். ஆறு நாள் விடுப்புக் கிடைக்கிறது: போக இரண்டு, கூரைக்கு இரண்டு, திரும்ப இரண்டு.

முடிவை முதலில் சொல்லுதல்

இந்தக் கதை தொடங்கும் முன்பே, அல்யோஷா இறந்துவிட்டான் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. முதல் காட்சியில் கறுப்பு முக்காடிட்ட ஒரு பெண் கிராமத்தைக் கடந்து சாலை முனைக்கு வந்து நிற்கிறாள். அவள் மகன் போரிலிருந்து திரும்பவில்லை, தொலைதூரத்து அந்நிய மண்ணில் புதைக்கப்பட்டிருக்கிறான் என்று பின்னணிக் குரல் அறிவிக்கிறது. பிறகுதான் கதை.

நம் நாட்டார் கதைப்பாடல்களைக் கேட்டவர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. கட்டபொம்மன் தூக்கிலிடப்படுவான், முத்துப்பட்டன் கொல்லப்படுவான் என்பது வில்லடிக்குமுன் ஊரே அறிந்த செய்தி. என்ன ஆகும் என்ற ஆவலுக்கு அங்கே வேலையில்லை, எப்படி ஆயிற்று என்பதற்குத்தான் கூட்டம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும். சுக்ராய் தம் படத்திற்கு வைத்த பெயர் வெறும் அலங்காரமில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். இறப்பு முன்பே தெரிந்துவிட்டதால், அல்யோஷாவின் ஒவ்வொரு சிரிப்பும் பார்வையாளருக்கு வேறொரு கனத்தோடு வந்துசேர்கிறது. ‘பிழைப்பானா’ என்ற கேள்வி போய், ‘வீடு சேர எத்தனை மணி நேரம் மிச்சம்’ என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கணக்குத்தான் படத்தின் முதுகெலும்பு. வழியில் சந்திக்கும் ஒவ்வொருவரும் அல்யோஷாவிடமிருந்து சிறிது நேரத்தை வாங்கிக்கொள்கிறார்கள். பாவ்லோவ் என்ற வீரன், தன் மனைவிக்குக் கொடுக்கும்படி இரண்டு சோப்புக் கட்டிகளைத் தந்தனுப்புகிறான். சோப்பு அன்றைக்கு அரிய பொருள், அது அந்தப் படைப்பிரிவுக்குக் கிடைத்த பங்கு. அடுத்து ஒரு காலை இழந்த வாஸ்யா. முடமாகி மனைவியிடம் போக மனமில்லாமல், வரமாட்டேன் என்று தந்தியடிக்கப் போகிறான். அவனுடைய பெட்டியைக் காத்துக்கொண்டு நின்றதில் அல்யோஷா தன் இரயிலை விட்டுவிடுகிறான். கடைசியில் நிலையத்திற்குத் தாமதமாக ஓடி வரும் மனைவி வாஸ்யாவைக் கட்டிக்கொள்ளும் காட்சி நெஞ்சை நிறைக்கிறது. ஆனால் அந்த நிறைவுக்கான விலையைக் கட்டியவள் எங்கோ ஒரு கிராமத்தில் இருக்கும் அல்யோஷாவின் தாய். அவளுக்கே தெரியாமல் அவளுடைய நாள்கள் பிறருக்குப் பங்கிடப்படுகின்றன. படம் இதை ஓரிடத்திலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அல்யோஷாவும் கணக்குப் பார்ப்பவனில்லை.

வைக்கோல் வண்டியில் ஒரு காதல்

அல்யோஷா ஒரு டப்பா இறைச்சியைக் காவலாளிக்கு இலஞ்சமாகக் கொடுத்து, வைக்கோல் ஏற்றிய சரக்கு வண்டியில் ஏறுகிறான். அதே பெட்டிக்குள் அவன் இருப்பதை அறியாமல் ஷூரா என்ற பெண் ஏறுகிறாள். அவனைக் கண்டு அலறி, ஓடும் வண்டியிலிருந்து குதிக்கவும் துணிகிறாள். மெல்ல மெல்லப் பயம் தெளிகிறது. தனக்கு நிச்சயிக்கப்பட்டவன் ஒரு விமானி, காயம்பட்டு மருத்துவமனையில் இருக்கிறான், அவனைப் பார்க்கத்தான் போகிறேன் என்கிறாள். அது தன்னைக் காத்துக்கொள்ள அவள் கட்டிய பொய்.

இந்தக் காதலில் ‘காதல்’ என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் பிடிக்க இறங்கியவன் வண்டியைத் தவறவிடுகிறான். மழையில் ஒரு கிழவி ஓட்டும் லாரியில் துரத்திக்கொண்டு வந்தால் வண்டி போய்விட்டிருக்கிறது. ஆனால் ஷூரா நிலையத்தில் இறங்கிக் காத்திருக்கிறாள். காதலைச் சொல்லும் காட்சி என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். பிரியும் தறுவாயில், விமானி என்று யாருமில்லை, பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறாள். அவனுக்கு அப்போது அதன் பொருள் விளங்கவில்லை. இரயில் கிளம்பிய பிறகுதான், யாருமில்லை என்று அவள் சொன்னதே காதலைச் சொன்னதுதானோ என்று உறைக்கிறது. நிலையத்தின் இரைச்சலில் அவன் ஊர்ப்பெயரைக் கத்துகிறான். அவளுக்கு அது கேட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஓடும் பிர்ச் மரங்களின்மேல் அவள் முகம் படியும் காட்சி அதன்பின் வருகிறது.

ஷூராவாக நடித்த ஜான்னா புரகோரென்கோவும் அல்யோஷாவாக நடித்த விளாதிமிர் இவஷோவும் அப்போது இருபது வயதை ஒட்டிய மாணவர்கள். தேர்ந்த நடிகர்கள் செய்திருந்தால் இந்தத் தயக்கங்கள் இவ்வளவு நிஜமாக இருந்திருக்குமா என்பது ஐயமே. ஒளிப்பதிவாளர்கள் விளாதிமிர் நிகோலாயெவும் எரா சவேல்யேவாவும் பெட்டிக்குள் நுழையும் வெளிச்சத்தையும் காற்றில் கலையும் கூந்தலையும் நம்பி, முகங்களை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். தொடக்கத்தில் டாங்கி துரத்தும்போது வானமும் நிலமும் தலைகீழாகும் அந்தப் புகழ்பெற்ற காட்சியைவிட, இந்த அமைதியான காட்சிகளுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன்.

ஒப்பிட, அந்தோணி மிங்கெல்லாவின் ‘கோல்ட் மவுன்டன்’ (2003) படத்தைச் சொல்லலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட இன்மன், படையை விட்டு ஓடி, காதலி ஏடாவை நோக்கி நடக்கிறான். அங்கும் வழிநெடுக மனிதர்கள், அங்கும் முடிவில் இழப்பு. ஆனால் இன்மனுக்குக் காதலிதான் வீடு. வழியில் வருபவை அவளை அடைவதற்கான தடைகள். அல்யோஷாவுக்கு வீடு ஓரிடம், காதல் வழியில் கிடைத்தது. ஒன்றிற்குக் கொடுக்கும் நேரம் மற்றொன்றிலிருந்து கழிகிறது. இந்த இழுபறி ‘கோல்ட் மவுன்டன்’ படத்தில் இல்லை.

குறை

படத்தின்மீது எனக்குள்ள முக்கியக் குறை பாவ்லோவின் மனைவி பற்றியது. அல்யோஷாவும் ஷூராவும் சோப்பைக் கொடுக்கப் போகும்போது, மாடிப்படியில் ஒரு சிறுவன் சோப்புக் குமிழி ஊதிக்கொண்டிருக்கிறான். போர்முனையில் பொன்னாக மதிக்கப்படும் பொருள் இங்கே காற்றில் உடைகிறது. வீட்டில் அவள் வேறொருவனோடு வாழ்கிறாள். கொடுத்த சோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அதைப் பாவ்லோவின் நோயுற்ற தந்தையிடம் சேர்க்கிறான் அல்யோஷா. அவரிடம் மகனின் வீரத்தைப் பற்றிப் புளுகவும் செய்கிறான். காட்சி கூர்மையானது, ஐயமில்லை. ஆனால் அந்தப் பெண் ஏன் அப்படி ஆனாள் என்று படம் கேட்கவே இல்லை. வாஸ்யாவின் மனைவி நல்லவள், பாவ்லோவின் மனைவி கெட்டவள் என்ற தராசு இரண்டு பெண்களையும் சுருக்கிவிடுகிறது.

இரண்டே ஆண்டுகளுக்கு முன் மிகயில் கலத்தோசவ் எடுத்த ‘தி கிரேன்ஸ் ஆர் ஃப்ளையிங்’ (1957), போருக்குப் போன காதலனைவிட்டு வேறொருவனை மணக்க நேர்ந்த வெரோனிக்காவின் பக்கம் நின்று கதை சொன்னது. ஆகவே, அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடியும் என்று சமாதானம் சொல்ல இடமில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். ஸ்டாலின் 1953இல் இறந்தார். 1956இல் குருச்சேவ் அவரை விமர்சித்து ஆற்றிய உரைக்குப்பின் கலைகளில் இறுக்கம் தளர்ந்தது. தளபதிகளையும் வெற்றிகளையும் விட்டுத் தனிமனிதர்களைப் பற்றிய போர்ப்படங்கள் வரத் தொடங்கின. சுக்ராயே அந்தப் போரில் வான்குடைப் படைவீரராகப் போரிட்டுக் காயம்பட்டவர். படத்தில் போர் வரும் நிமிடங்கள் மிகக் குறைவு, எதிரிமீது வெறுப்புமிழும் வசனம் ஏறக்குறைய இல்லை. அனுபவித்தவரின் அடக்கம் அது என்றே கருதுகிறேன். அல்யோஷா சற்று அதிகமாகவே நல்லவனாக இருக்கிறான் என்பது உண்மைதான். இலஞ்சம் கேட்ட காவலாளியும் கடுமையானவர் என்று பயமுறுத்தப்பட்ட அதிகாரியும் வரும் காட்சிகளின் நகைச்சுவைதான் படம் தித்தித்துப் போகாமல் காக்கிறது.

இறுதியில் இரயில் குண்டுவீச்சுக்கு ஆளாகிறது. ஆற்றை மிதவையில் கடந்து, வழியில் போன லாரியை நிறுத்தி, அல்யோஷா ஊர் சேரும்போது விடுப்பு முடிந்துவிட்டது. வயலிலிருந்து தாய் ஓடிவருகிறாள். சாலையோரத்தில் அவர்களுக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. அந்த நிமிடங்களில் என்ன பேசுகிறார்கள்? நீ முகம் மழிக்கத் தொடங்கிவிட்டாயா, புகைபிடிக்கிறாயா என்று மகனின் முகத்தைத் தடவிக் கேட்கிறாள். லாரிக்காரர் ஒலியெழுப்புகிறார். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கூரை அப்படியே இருக்கிறது.

அதன்பின் பின்னணிக் குரல் மீண்டும் வந்து, அவன் உயிரோடு இருந்திருந்தால் என்னவெல்லாம் ஆகியிருப்பான் என்று விவரிக்கிறது. அன்டோனினா மக்சிமோவா தாயாக நடித்த அந்தச் சில நிமிடங்களுக்குப் பிறகு இக்குரல் தேவையில்லை. சாலையைப் பார்த்தபடி நிற்கும் அவளோடு படத்தை நிறுத்தியிருக்கலாம்.