குவார்ட்டர் முறை: என் எக்ஸெல் கணக்கில் விட்டுப்போனது

குவார்ட்டர் என்றதும் நம்ம ஊரில் பெரியவர்களுக்கு ஒரு ஞாபகம் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை ஞாபகம் வரும். இந்தக் குறிப்பு இரண்டையும் பற்றியது இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு கல்வியாண்டை எப்படி வெட்டுகின்றன என்பதைப் பற்றியது. பெரும்பாலானவை நம்மைப் போல இரண்டு செமஸ்டர், தலா சுமார் 15 வாரம். ஸ்டான்ஃபோர்டு, யூசிஎல்ஏ போன்ற சில இடங்களில் மூன்று குவார்ட்டர். பத்து வாரம் வகுப்பு, பதினொன்றாவது வாரம் பரீட்சை, முடிந்தது.

மூன்றுதான் என்றால் ஏன் "கால்" என்று பெயர்? நாலாவது கால் கோடைக்காலம். 1892ல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், கட்டடங்கள் வருஷம் முழுக்க இயங்க வேண்டும் என்று நாலு காலாகப் பிரித்தார். 1966ல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இந்த முறைக்கு மாறியதற்கும் இடநெருக்கடிதான் முக்கியக் காரணம். பையன் பாடத்தை எப்படி நன்றாகக் கற்பான் என்ற கேள்வியிலிருந்து பிறந்த ஏற்பாடு அல்ல இது. கோடைக்குப் பெரும்பாலோர் வருவதில்லை; மூன்று கால்தான் நிஜத்தில் ஓடுகிறது. பெர்க்லி 1983லேயே செமஸ்டருக்குத் திரும்பிவிட்டது. ஓஹியோ ஸ்டேட் 2012ல் மாறியது.

இதெல்லாம் நான் பிறகு படித்தது. மகளுக்குக் கல்லூரி தேர்வு செய்தபோது செய்த ஆராய்ச்சி ஒரே ஒரு எக்ஸெல் ஷீட். செமஸ்டரில் பட்டத்துக்கு 120 யூனிட், குவார்ட்டரில் 180. நாலு யூனிட் கோர்ஸ் என்று வைத்தால் அங்கே 30 கோர்ஸ், இங்கே 45. "பதினைந்து பாடம் கூடுதலாப் படிக்கலாம் பாப்பா" என்று சொன்னேன். அவள் "பத்து வாரம் கம்மிப்பா" என்றாள். நான் விடவில்லை. மாவு அதேதான், தோசையைச் சின்னதாக ஊற்றினால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்? இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் சின்னத் தோசைக்கு ஒரு லாபம் உண்டு. ஒரு பாடம் பிடிக்கவில்லை என்றால் பத்தே வாரத்தில் வெளியே வந்துவிடலாம். முதல் வருஷத்திலேயே மூன்று தடவை திசை மாற்றிப் பார்க்கலாம். போஸ்ட்விக், ஃபிஷர், லாங் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், குவார்ட்டரிலிருந்து செமஸ்டருக்கு மாறிய அமெரிக்கக் கல்லூரிகளை எடுத்துப் பார்த்தார்கள். மாறிய பிறகு, நாலு வருஷத்தில் பட்டம் முடிப்பவர்களின் விகிதம் குறைந்திருந்தது. மாற்றம் நடந்த வருஷங்களின் குழப்பம் என்றும் தள்ளிவிட முடியாது, அதற்குப் பிறகும் அந்தக் குறைவு நீடித்தது. செமஸ்டரை ஆதரிப்பவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கோடை இன்டர்ன்ஷிப் கிடைக்காது என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். எங்கள் ஆபீஸில் மே மாதம் ஒரு பேட்ச், ஜூன் மாதம் ஒரு பேட்ச் எடுக்கிறோம். குறைந்தபட்சம் எங்கள் பக்கம் அது பெரிய பிரச்சினை இல்லை.

என் கணக்கில் விட்டுப்போனது வேறு. இன்ஜினியரிங், அறிவியல் பாடங்கள் தனித்தனி தோசை இல்லை, சங்கிலி. என் மகளின் மேஜரில் மூன்று கோர்ஸ் கொண்ட ஒரு தொடர் உண்டு. செப்டம்பரில் முதலாவது, ஜனவரியில் இரண்டாவது, மார்ச் கடைசியில் மூன்றாவது. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரே தடவை. ஜனவரி குவார்ட்டரின் நாலாவது வாரம் அவளுக்கு ஃப்ளூ வந்தது. ஒன்பது நாள் படுக்கை. எழுந்து உட்காரும்போது மிட்டர்ம் முடிந்திருந்தது, இரண்டு லேப் போயிருந்தது. பேராசிரியர் நல்ல மனுஷர், உதவத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மீதி ஐந்து வாரத்தில் எதைப் பிடிப்பது, எதை விடுவது? கோர்ஸை விட்டாள். அதனால் மூன்றாவதும் போயிற்று. பத்து வார நஷ்டம்தானே என்று நான் நினைத்தது ஒரு வருஷமாகிவிட்டது.

செமஸ்டரிலும் சங்கிலி அறும், மறுக்கவில்லை. நான் பி.இ. படித்தபோது மஞ்சள்காமாலையில் மூன்று வாரம் ஊரில் கிடந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு மாசம் மிச்சம் இருந்தது, ஸ்டடி ஹாலிடே வேறு. ஒரு அரியர்கூட வைக்காமல் தப்பித்தேன். அதே மூன்று வாரத்தைப் பத்து வாரத்திலிருந்து கழித்துப் பாருங்கள்.

எங்கள் தொழிலில் இரண்டு வார ஸ்பிரின்ட் ஓட்டுகிறோம். அப்படிப் பார்த்தால் ஒரு குவார்ட்டர் ஐந்து ஸ்பிரின்ட். ஆனால் ஒரு ஸ்பிரின்ட்டில் முடியாத வேலை அடுத்ததற்குப் போகும், அதற்காக யாரும் ஒரு வருஷம் காத்திருக்கச் சொல்வதில்லை. இங்கே அது கிடையாது.

பிள்ளைகளுக்குக் கல்லூரி பார்ப்பவர்கள் என்னிடம் கேட்டால், குவார்ட்டரா செமஸ்டரா என்பதை இரண்டாவதாகப் பாருங்கள் என்பேன். எடுக்கப்போகும் மேஜரின் கட்டாயப் பாடங்கள் வருஷத்துக்கு எத்தனை தடவை நடக்கின்றன? கல்லூரி இணையதளத்தில் பழைய வகுப்பு அட்டவணைகள் கிடைக்கும். இரண்டு வருஷத்தை எடுத்து வைத்து எண்ணினால் ஒரு சாயங்கால வேலை. இரண்டு, மூன்று தடவை நடந்தால் குவார்ட்டர் நல்லதுதான், தைரியமாகப் போகலாம்.

மகள் அந்தக் கோர்ஸை வரும் ஜனவரியில் மறுபடி எடுக்கிறாள். ஃப்ளூ ஊசி அக்டோபரிலேயே போட்டாச்சு.